திருகோணமலையில் மொடிஃபை செய்த கார் வைத்திருப்பவர்களுக்கு

உப்புவெளியில் வாகன வயரிங் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் பெடியன்கள் பல்ப் மாற்றுகிறார்களோ இல்லையோ, ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்பார்கள்: “அண்ணா, எதைப் பூட்டினா பொலிஸ் பிடிக்காது?” அந்தக் கேள்வியைத் தலைகீழாகக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். பொலிஸ் பிடிப்பதற்கு முதலே உங்கள் ஒழுங்கைச் சனம் உங்களைப் பிடித்துவிடும். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் இரண்டு கார்கள் நிலையத்துக்குப் போனது, பக்கத்து வீட்டுக்காரர் 119க்கு எடுத்ததால்தான்.

என்னுடையது 1998 ஹொண்டா சிவிக், ஈகே3. 1493 சிசி எஞ்சின், கை கியர். கறுப்பாக வாங்கினேன், இப்போது வெள்ளை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் எங்களுக்குப் புதுக்கார் என்ற நினைப்பே இல்லை. இருந்த பழைய காரைத்தான் தட்டி நிமிர்த்தி, எஞ்சின் மாற்றி, கையால் பெயின்ட் அடித்து ஓடினோம். 2022இல் கியூஆர் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் வாங்கிய காலத்திலும் காரைத் துடைத்து வைத்தோம். ஆனால் ஊருக்கு இது தெரியாது. மொடிஃபை என்றாலே காசுக்காரன் வீட்டுப் பிள்ளையின் திமிர் என்று நினைக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் ஒருவன் மீன் லொறி ஓடுகிறான், இன்னொருவன் நிலாவெளி ஹோட்டலில் சமையல் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு அலோய் வீல் செட் வாங்க அவனுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. சரி, ஊருக்கு அதைப் புரியவைக்க வேண்டுமென்றால் முதலில் ஊருக்கு என்ன கேட்கிறது என்று நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

சத்தம்

2019 கடைசியில் நான் சைலன்சரின் நடு பொக்ஸைக் கழற்றிவிட்டு நேர் பைப் போட்டேன். ஒரு ஞாயிறு பின்னேரம் ஒழுங்கைக்குள் திரும்பி அக்சிலேட்டரை விட்டபோது பைப்பில் இரண்டு வெடி வெடித்தது. எதிர்வீட்டு அன்ரி கேற்றுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தவர். நான் பார்க்கும்போது சுளகு கவிழ்ந்து கிடந்தது. அவர் நிலத்தில் குப்புறப் படுத்திருந்தார், இரண்டு கையும் தலையை மூடியபடி. வயது அறுபதுக்கு மேல். ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கை முழுக்க மண். “தம்பியே?” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சுளகைக்கூட எடுக்காமல் உள்ளே போய்விட்டார். சிந்திய இலையை நான்தான் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஏப்ரலில் குண்டுகள் வெடித்த அதே வருடம் அது. அதற்கு முன்னால் இருந்த முப்பது வருடத்தைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. நாங்கள் பின்னேரத்தில் காரை வரிசையாக விட்டுப் படம் எடுக்கும் அந்தக் கடற்கரை, காந்தி சிலைக்குக் கிட்ட, 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட கடற்கரை. எங்கள் வயதுக்காரருக்கு அது ஐஸ்கிறீம் சாப்பிடும் இடம். அங்கே பிள்ளையைக் கொண்டுவந்து விளையாடவிட்டு நிற்கும் தகப்பனுக்கு அந்தச் சத்தம் வேறு. கொழும்பில் ஒருவன் பைப்பில் வெடி வைத்தால் ஆட்களுக்குக் கோபம் வரும்; இங்கே பயம் வரும். அதனால் என் முதல் விதி: வெடி வைக்கும் டியூனிங்கை இந்த ஊரில் செய்யாதீர்கள். செய்து வைத்திருந்தால் கழற்றிவிடுங்கள். இதில் நான் யாரோடும் சமாதானம் பேச மாட்டேன்.

மற்றச் சத்தத்தை அடக்க வழி இருக்கிறது. நடு பொக்ஸை, அதாவது ரெசனேட்டரை, எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். கடைசி மஃப்ளரை மாற்றலாம்; ஆனால் உள்ளே கண்ணாடிப் பஞ்சு வைத்த, நீளமான ஒன்றைப் பாருங்கள். குட்டையான ‘பீரங்கி’ பைப் வேண்டாம். ஒன்றரை லீற்றர் எஞ்சினுக்கு இரண்டு அங்குலப் பைப் தாராளம். அதைவிடப் பெருப்பித்தால் கீழ் றவுண்டில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, இழுவை குறையும், சத்தம் மட்டும் மிஞ்சும். எங்கள் ஊரில் இன்னொரு பிரச்சினை உப்புக்காற்று. சாதாரண இரும்புப் பைப் ஒட்டுப்போட்ட இடத்தில் சீக்கிரம் துருவேறி ஓட்டை விழும். வாங்கும்போது அமைதியாக இருந்த சைலன்சர் நாள் போகப் போகக் கத்தத் தொடங்கும். சொந்தக்காரனுக்கு அது காதுக்குப் பழகிப்போயிருக்கும். ஆகவே முடிந்தால் ஸ்டெயின்லெஸ் போடுங்கள். முடியாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காரை மேலே ஏற்றி, ஒட்டுகளில் கரி படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கரி வந்தால் அங்கே வாயு கசிகிறது.

பரிசோதிக்க மீற்றர் ஒன்றும் தேவையில்லை. இரவு ஒன்பது மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு நண்பன் ஒருவனை மூன்றாவது வீட்டுக்கு முன்னால் நிற்கச் சொல்லுங்கள். ஐடிலில் அவனுக்கு உங்கள் கார் கேட்கக் கூடாது. பிறகு 3000 றவுண்டுக்கு ஏற்றுங்கள். கேட்கலாம், ஆனால் அவனால் குரலை உயர்த்தாமல் தொலைபேசியில் பேச முடிய வேண்டும். நான் இந்தச் சோதனையை அன்ரியின் கேற்றுக்கு முன்னால் செய்தேன், அவரிடம் சொல்லிவிட்டு. அவர் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை மஃப்ளர் மாற்றின பிறகுதான் தலையாட்டினார்.

வெளிச்சம்

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய ரிஃப்ளெக்டர் ஹெட்லைட்டுக்குள் வெறும் எல்ஈடி பல்பைச் செருகினால் வெளிச்சம் கூடின மாதிரித் தெரியும். உண்மையில் அது சிதறுகிறது. பல்பைச் சுற்றியிருக்கும் ரிஃப்ளெக்டர் கிண்ணம் ஹலஜன் பல்பின் இழை இருக்கும் இடத்துக்காக வளைக்கப்பட்டது. எல்ஈடி சிப் அந்த இடத்தில் சரியாக உட்காராது. உங்களுக்கு வீதி வெள்ளையாகத் தெரியும். எதிரே சைக்கிளில் வருகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. நிலாவெளி வீதியில் விடியப்புறம் கரைவலைக்குப் போகிறவர்கள் லைட் இல்லாத சைக்கிளில்தான் போகிறார்கள். அவர்கள் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தை என் கடையில் நான் பூட்டிக் கொடுப்பதில்லை.

சரியாக வைக்க: சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் நடு மையம் நிலத்திலிருந்து எத்தனை உயரம் என்று அளந்து சுவரில் கோடு போடுங்கள். லோ பீமின், அதாவது தாழ்த்திய வெளிச்சத்தின், மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 சென்றிமீற்றர் கீழே விழ வேண்டும். ஸ்பிரிங் மாற்றிக் காரின் பின்பக்க உயரத்தை மட்டும் குறைத்தால் முன் வெளிச்சம் மேலே போய்விடும். ஸ்பிரிங் மாற்றின அன்றே இதைத் திருத்துங்கள். விளிம்பே தெரியாமல் சுவர் முழுக்கப் பரவினால் அந்தப் பல்பைக் கழற்றி ஹலஜனை மறுபடி போடுங்கள். சிவப்பு, நீலத்தில் மின்னும் லைட்டுகள் பற்றிப் பேசவே வேண்டாம்; அது பொலிஸ் வாகனத்துக்கும் அம்புலன்ஸுக்கும் உரிய அடையாளம்.

காரை இறக்குவது பற்றி ஒரே வார்த்தை: ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். இறக்கத்தான் வேண்டுமென்றால் அந்தக் காருக்கென்று வரும் குட்டை ஸ்பிரிங்கைப் போடுங்கள். வெட்டின ஸ்பிரிங் பள்ளத்தில் அது உட்காரும் இடத்தை விட்டு விலகும்.

காகிதங்கள்

பொலிஸைப் பொறுத்தவரை மொடிஃபை என்பது மூன்று விதம். கண்ணுக்குத் தெரிவது, காதில் விழுவது, காகிதத்தில் இல்லாதது. முதல் இரண்டுக்கும் தண்டப்பத்திரத்தோடு போகலாம். மூன்றாவதுதான் உங்களையும் காரையும் நிலையத்துக்குக் கொண்டுபோகும். எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழோடு ஒத்துவராவிட்டால் அது களவுக் கார் என்ற சந்தேகம் வருவது நியாயம்தான். அவர்கள் இடத்தில் நான் நின்றாலும் அப்படித்தான் நினைப்பேன்.

எஞ்சின் மாற்றினாலும் நிறம் மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து சான்றிதழில் ஏற்ற வேண்டும். எஞ்சின் வாங்கும்போதே விற்றவரிடம் பற்றுச்சீட்டும் இறக்குமதிச் சுங்கப் பத்திரத்தின் பிரதியும் கேளுங்கள். “பிறகு தாறன்” என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். அந்தப் பிறகு வராது. நான் வெள்ளை அடித்தபோது அலைச்சல் என்று ஏழு மாதம் பதியாமல் விட்டேன். அந்த ஏழு மாதமும் ஒவ்வொரு சந்தியிலும் வயிற்றைக் கலக்கியது. காப்புறுதிக் கம்பனிக்கும் எழுதிக் கொடுங்கள். மாற்றத்தை மறைத்தது தெரிந்தால் விபத்து நேரத்தில் பணம் கிடைக்காமல் போகலாம்.

ஒரு பிளாஸ்ரிக் கோப்பில் இவ்வளவும் இருக்கட்டும்: பதிவுச் சான்றிதழின் பிரதி, காப்புறுதி, புகைப் பரிசோதனை அறிக்கை, எஞ்சின் பற்றுச்சீட்டு, நிறம் மாற்றிய கடிதம். வருமான அனுமதிப்பத்திரம் கண்ணாடியில்.

மறிக்கும்போது

அனுராதபுரச் சந்தியிலோ சீனக்குடாப் பக்கமோ கை காட்டினால் உடனே இடதுபக்கம் ஒதுங்குங்கள். எஞ்சினை நிறுத்துங்கள், பாட்டை நிறுத்துங்கள், உள்லைட்டைப் போடுங்கள். இரவில் இருட்டுக் காருக்குள் எத்தனை பேர் என்று தெரியாமல் நெருங்குகிற பொலிஸ்காரருக்கும் பயம் உண்டு. டின்ட் ஒட்டிய கண்ணாடியென்றால் நாலையும் இறக்கிவிடுங்கள். “சேர்” என்று தொடங்குங்கள். சிங்களம் கொஞ்சம் தெரிந்தால் பேசுங்கள், அதில் குறைச்சல் எதுவுமில்லை. தெரியாவிட்டால் தமிழிலேயே நிதானமாகச் சொல்லுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, உங்கள் முறைப்பாட்டையும் வாக்குமூலத்தையும் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள்.

தண்டப்பத்திரம் எழுதினால் வாக்குவாதப்பட வேண்டாம். 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டலாம். தவறினால் அடுத்த 14 நாளுக்குள் இரண்டு மடங்கு. அதையும் விட்டால் நீதிமன்றம். எழுதியது பிழை என்று நினைத்தால் கட்டாமல் நீதிமன்றத்தில் சொல்லலாம். வீதியில் நின்று கத்தி வென்றவன் எவனையும் நான் காணவில்லை.

2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்று தொடங்கி, பஸ்களிலும் ஓட்டோக்களிலும் கூடுதலாகப் பூட்டியதையெல்லாம் பொலிஸ் கழற்றவைத்தது நினைவிருக்கும். பஸ் சங்கங்கள் எதிர்த்தன. அந்தக் கிழமைகளில் என்னையும் ஒரு சார்ஜன்ட் மறித்தார். பொனட்டைத் திறக்கச் சொன்னார். ரோர்ச் அடித்து எஞ்சின் இலக்கத்தைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், குனிந்து சைலன்சரைப் பார்த்தார். அப்புறம் ரோர்ச்சை அணைத்துவிட்டு, “மல்லி, கார் வடிவாத்தான் இருக்கு. எனக்குக் காரோட கோபம் இல்ல. போன மாசம் இந்த றோட்டில ஒரு பெடியன இந்தக் கையாலதான் தூக்கினன்” என்றார். சிங்களம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்; மல்லி என்றால் தம்பி. அன்றிரவு எனக்குத் தண்டம் இல்லை. நான் அவருக்குப் பதில் ஒன்றும் சொல்லவுமில்லை.

எல்லோரும் அவரைப் போல இல்லை, தெரியும். அலோய் வீலைக் கண்டதுமே குற்றவாளியாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், அது மனதை நோகடிக்கும். ஆனால் கோப்பு ஒழுங்காக இருக்கும் காரோடு அவர்களால் அதிக நேரம் மினக்கெட முடியாது.

றேஸ்

பொது வீதியில் போட்டிக்கு ஓடுவது சட்டப்படி குற்றம். ஊருக்குள் 50, வெளியில் 70 கிலோமீற்றர்தான் எல்லை. அதைச் சொன்னால் பெடியன்கள் சிரிக்கிறார்கள். ஆகவே கணக்காகச் சொல்கிறேன்.

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். மணிக்கு 120இல் அதைக் கடக்க 12 வினாடி. ஒரு வினாடிக்கு 33 மீற்றர் போகிறீர்கள். எதையாவது கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி என்றால், கால் படும் முன்பே 33 மீற்றர் போய்விட்டது. நல்ல டயரோடு காய்ந்த வீதியில் நிற்க இன்னும் ஏறக்குறைய 80 மீற்றர் வேண்டும். லோ பீம் காட்டுவது நாற்பது ஐம்பது மீற்றர். அதாவது நீங்கள் காணும்போதே நேரம் கடந்துவிட்டது.

எதைக் காண்பீர்கள்? இந்த ஊரில் மான் நகரத்துக்குள் திரிகிறது. கோட்டைப் பக்கமிருந்து கூட்டமாக இறங்கிக் கடைவீதி வரை வரும், இரவில் வீதி நடுவிலேயே நிற்கும். நிலாவெளிப் பக்கம் மழை நாட்களில் மாடுகள் தாரில் சூடு தேடிப் படுக்கின்றன; கறுப்பு மாடு கறுப்புத் தாரில். கடலோரத் திருப்பங்களில் காற்று மணலை வாரி வீதியில் போட்டிருக்கும், அதில் டயர் பிடிக்காது. கந்தளாய் தாண்டினால் யானை. ஒருமுறை நான் 60இல் வந்துகொண்டிருந்தபோதே ஒரு மானுக்கு நாலடி தூரத்தில்தான் நின்றேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது. பக்கத்தில் இருந்த என் மகள் என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் விடும்வரை நான் கியர் போடவில்லை.

வேகம் வேண்டுமென்றால் அதற்கென்று இடங்கள் இருக்கின்றன. எங்களுக்குக் கிட்ட மின்னேரியா: கந்தளாய், ஹபரணை தாண்டிப் போனால் இராணுவப் பீரங்கிப் படையின் சுப்பர்குரொஸ் போட்டி நடக்கும் மண் பாதை. நுவரெலியாவில் மஹகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப்போட்டி 1934இலிருந்து நடக்கிறது. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில் தார்ப்பாதை. ஓட ஆசையென்றால் மோட்டார் விளையாட்டுச் சங்கம் ஒன்றில் சேர்ந்து, அனுமதிப்பத்திரம் எடுத்து, ஹெல்மெட், இருக்கைப் பட்டி, காருக்குள் பாதுகாப்புக் கூண்டு என்று அவர்கள் கேட்பதையெல்லாம் செய்து போங்கள். செலவு கூடத்தான். முதல் வருடம் பார்வையாளராகப் போய்ப் பாருங்கள்.

பார்க்கப் போனாலும் நிற்கும் இடம் முக்கியம். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் பாதையை விட்டு விலகி 7 பேர் இறந்தார்கள். அதில் ஒரு சின்னப் பிள்ளை. பாதையில் கொடி பிடித்து நின்ற உதவியாளர்களும் அதில் அடக்கம். அனுமதி, அம்புலன்ஸ், அதிகாரிகள் எல்லாம் இருந்த இடத்தில் இது நடந்தது. திருப்பத்தின் வெளிப்பக்கத்தில் நிற்காதீர்கள். தடுப்பு இல்லாத இடத்தில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போகாதீர்கள். நல்ல வீடியோ வரும் இடம்தான் கார் பறக்கும் இடமும்.

ஒன்றுகூடல்

கார்களைக் கொண்டுவந்து காட்டி, நாலு கதை பேசிப் போவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் “ராத்திரி 10, பீச்” என்று போட்டுக் கூடினால் பொலிஸ் வரத்தான் செய்யும். நாங்கள் செய்வது இப்படி. ஞாயிறு காலை ஏழு மணி. இரண்டு கிழமைக்கு முன்பே பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கும், இடத்துக்குப் பொறுப்பான சபைக்கும் கடிதம், தமிழிலும் சிங்களத்திலும். கடிதத்தில் திகதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், கார்களின் எண்ணிக்கையும் இலக்கத் தகடுகளும், பொறுப்பாளர் இரண்டு பேரின் பெயரும் தொலைபேசியும். “போட்டியோ சத்தமோ இருக்காது” என்று ஒரு வரி. பிரதியில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோணேசர் கோயில் திருவிழா நாட்களையும், நோன்பு மாதத்தையும், ஏ.எல். பரீட்சைக் காலத்தையும் விட்டுவிடுங்கள்.

முதல் கூட்டத்துக்கு 12 கார் வந்தது. எட்டு மணிக்கு ஒரு பொலிஸ் ஜீப் வந்து நின்றது, எல்லோர் முகமும் வெளிறியது. இறங்கினவர் கடிதத்தைப் பார்த்தார், சுற்றி ஒருமுறை நடந்தார், ஒரு பழைய கொரோலாவுக்கு முன்னால் நின்று, “இது என் அப்பா வைத்திருந்த மாதிரி” என்றார். அதன் சொந்தக்காரன் கதவைத் திறந்துவிட்டான். அவர் உள்ளே இருந்து ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கலையும்போதுதான் கெட்டுப்போகும், அதைக் கவனியுங்கள். எல்லோரும் ஒரேயடியாகக் கிளம்பினால் யாராவது ஒருவன் கட்டாயம் அக்சிலேட்டரை அமத்துவான். இரண்டு இரண்டு காராக, ஐந்து நிமிட இடைவெளியில் விடுங்கள். சத்தமான காரை முதலில் அனுப்பாதீர்கள். அது போனால் பின்னால் வருகிறவன் பதில் சொல்லப் பார்ப்பான். பொறுப்பாளர் கடைசி. போத்தல், பேப்பர் கோப்பை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி டிக்கியில் போட்டுக்கொண்டு, இடத்தை ஒரு படம் எடுத்து, கடிதப் பிரதியோடு கோப்பில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த கடிதத்தோடு அந்தப் படத்தையும் இணைக்கலாம்.